59 எபிசோடும் ஒரு மரமண்டைத் துப்பறிவாளரும்

‘தி சிம்ப்சன்ஸ்’ என்ற அமெரிக்கக் கார்ட்டூன் தொடரின் எழுத்தாளர் ஜான் ஸ்வார்ட்ஸ்வெல்டர் என்று பேச்சை எடுத்தாலே இரண்டு கதைகள் முந்திக்கொண்டு வரும். யார் கண்ணிலும் படாத மனிதர் என்பது ஒன்று. சாப்பாட்டுக் கடையின் மேசையையும் இருக்கையையும் வாங்கித் தன் வீட்டுக்குள் போட்டுக்கொண்டவர் என்பது இன்னொன்று. இதையே சொல்லிச் சொல்லி, அவர் எழுதிய விதம் பேச்சில் வராமலே போய்விட்டது. சிரிக்க வைக்க எழுதிப் பார்க்கிறவர்களுக்குப் பயன்படுவது அந்த விதம்தான்.

முதலில் கணக்கு. ‘தி சிம்ப்சன்ஸ்’ தொடரில் அவர் பெயர் போட்டு வந்தவை 59 எபிசோடுகள். முதலாவது, 1990 பிப்ரவரி 4 அன்று ஒளிபரப்பான ‘பார்ட் தி ஜெனரல்’. கடைசி, 2003 நவம்பர் 23 அன்று வந்த ‘தி ரெஜினா மோனோலாக்ஸ்’. அது தொடரின் 317ஆவது எபிசோட். அதாவது அந்தப் பதினான்கு ஆண்டுகளில் வந்ததில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு ஒரே ஆளின் பெயரில். கூட வேலை பார்த்தவர்களில் திறமைசாலிகளுக்குப் பஞ்சமே இல்லாத இடத்தில் இந்த எண்ணிக்கை.

அங்கே வந்து சேர்ந்த வழி கோணல்மாணலானது. வாஷிங்டன் மாநிலத்தில் சியாட்டிலை ஒட்டிய ரென்டன் ஊரில் வளர்ந்தவர், சிகாகோவில் விளம்பர வாசகங்கள் எழுதிக்கொண்டிருந்தார். விளம்பரம் எழுதிப் பழகியவர்களிடம் ஒரு குணம் ஒட்டிக்கொள்ளும்: முப்பது நொடிக்கு மேல் யாரும் காத்திருக்க மாட்டார்கள் என்ற பயம். பிற்காலத்தில் அவர் எழுதிய வாக்கியங்களில் அந்தப் பயம் நன்றாகவே தெரியும். 1985-86இல் ‘சாட்டர்டே நைட் லைவ்’ என்ற தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சியின் எழுத்தாளர் குழுவில் ஒரே ஒரு சீசன். புது நடிகர்களை வைத்து எடுத்த அந்த சீசன் படுத்தேவிட்டது. ஆனால் அங்கே கிடைத்த சகா ஜார்ஜ் மேயர்.

மேயர் 1988இல் கொலராடோவில் இருந்துகொண்டு ‘ஆர்மி மேன்’ என்று ஒரு சிறுபத்திரிகை தொடங்கினார். முதல் இதழ் எட்டுப் பக்கம், சுமார் 200 பிரதிகள், நண்பர்களுக்கு மட்டும். மொத்தமே மூன்று இதழ்தான் வந்தது. கதை, கட்டுரை என்று இழுக்காமல் பெரும்பாலும் ஒன்றிரண்டு வரி நகைச்சுவைத் துணுக்குகள். அதைப் படித்துவிட்டுத்தான் சிம்ப்சன்ஸ் தொடருக்கு ஆள் தேடிக்கொண்டிருந்த சாம் சைமன், மேயரையும் ஸ்வார்ட்ஸ்வெல்டரையும் கூப்பிட்டுக்கொண்டார். 200 பிரதி போனால் போதும், சரியான ஒருவர் கையில் விழுந்தால்.

இனி வேலை நடக்கும் முறை. இது தெரியாமல் ‘அந்த வசனம் அவர் எழுதியது, இந்த வசனம் இவர் எழுதியது’ என்று அடித்துக்கொள்வதில் அர்த்தம் இல்லை. ஒரு எபிசோட் விளம்பரம் போக 22 நிமிடம். அந்தக் காலத்தில் மூன்று பகுதி. முதலில் எல்லோரும் கூடிக் கதைக்கருவைச் சொல்வார்கள். தேறிய கருவை எழுத்தாளர்கள் கூடும் அறையில் உட்கார்ந்து சில நாட்கள் பேசி, எந்தக் காட்சிக்குப் பின் எது என்று வரிசை போடுவார்கள். அந்த வரிசையை எடுத்துக்கொண்டு ஒருவர் தனியாகப் போய், இரண்டு வாரத்தை ஒட்டிய அவகாசத்தில் முதல் பிரதியை எழுதுவார். திரையில் வருவது இந்த ஆளின் பெயர். பிறகு அந்தப் பிரதியை அறையில் வைத்து எல்லோரும் வரிவரியாக மாற்றுவார்கள். நடிகர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து வாசிப்பார்கள். சிரிப்பு வராத இடம் போகும். ஒலிப்பதிவு, கோட்டுப்படம் ஓட்டிப் பார்த்தல், இன்னொரு திருத்தம், கொரியாவிலிருந்து வண்ணப்படம் வந்ததும் மறுபடி ஒட்டுவேலை. முடிய எட்டு, ஒன்பது மாதம் ஆகும்.

ஆக, திரையில் கேட்கும் வசனத்தில் எத்தனை வரி பெயர் போட்டவருடையது என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. ‘யூ ஒன்லி மூவ் ட்வைஸ்’ (1996) எழுதியவர் ஸ்வார்ட்ஸ்வெல்டர்தான். ஆனால் அதில் வரும் முதலாளி ஹாங்க் ஸ்கார்பியோவின் பேச்சில் பெரும்பகுதி, குரல் கொடுத்த ஆல்பர்ட் புரூக்ஸ் மைக்குக்கு முன்னால் அந்த நேரத்தில் சேர்த்தது. இதைச் சொல்வது அவரைக் குறைப்பதற்காக அல்ல. முதல் பிரதியின் வேலை வேறு என்பதற்காக. பத்துப் பேர் எட்டு மாதம் தட்டிக் கொட்டினாலும் வளையாத எலும்புக்கூடு அதில் இருக்க வேண்டும். அவருடைய பிரதிகளில் அது இருந்தது. அதோடு வேறு யாருக்கும் தோன்றாத கோணத்தில் நான்கைந்து இடங்கள் இருக்கும். அந்த வகை நகைச்சுவைக்கு அறையில் அவர் பெயரையே வைத்து ‘ஸ்வார்ட்ஸ்வெல்டியன்’ என்று சொல்லிக்கொண்டார்கள்.

1994 வாக்கில், ஆறாவது சீசனை ஒட்டி, அவர் அறைக்கு வருவதை விட்டுவிட்டு வீட்டிலிருந்தே எழுத அனுமதி வாங்கினார். காரணம் கலைஞனின் தனிமை எல்லாம் இல்லை, சிகரெட். கட்டடத்துக்குள் புகைக்கக் கூடாது என்றாகிவிட்டது. இவரோ ஊதித் தள்ளுகிறவர். அதற்கு முன்னால் டைனர் எனப்படும் சாப்பாட்டுக் கடையில் ஒரு மூலை மேசையில் உட்கார்ந்து, காப்பியும் சிகரெட்டுமாக எழுதுவது வழக்கம். 1995 ஜனவரி 1 முதல் கலிஃபோர்னியா உணவகங்களிலும் புகைக்கத் தடை வந்தது. அதன் பிறகுதான் அந்த மாதிரி மேசை அவர் வீட்டுக்குள் வந்த கதை. கேட்பவர்கள் இதைப் பைத்தியக்காரத்தனம் என்று சிரிப்பார்கள். யோசித்தால் நல்ல ஏற்பாடு: முதுகு நிமிர்ந்தே இருக்கும், காகிதம் பரப்ப இடம் உண்டு, சாய்ந்து தூங்க வழியில்லை.

சரி, எழுதும் முறை. 2021இல் ‘நியூயார்க்கர்’ பத்திரிகைக்கு மின்னஞ்சல் வழியாகப் பேட்டி கொடுத்தபோது அவரே விளக்கினார். எழுதுவது கஷ்டம், திருத்துவது சுலபம். ஆகவே கஷ்டமான பாதியை முடிந்தால் ஒரே நாளில் கண்ணை மூடிக்கொண்டு முடித்துவிடுவது. நகைச்சுவை தோன்றாத இடத்தில் மட்டமான ஒன்றைப் போடுவது. வசனம் தோன்றாத இடத்தில் ‘இதைச் செய்யாதே’, ‘சரி, செய்யவில்லை’ என்ற அளவில் நிரப்பிவிட்டு நகர்வது. மறுநாள் எழுந்து பார்த்தால் ராத்திரியோடு ராத்திரியாக ஒரு குட்டிச்சாத்தான் வந்து அரைகுறையாக வேலையை முடித்துவிட்டுப் போனமாதிரி மேசையில் முழுப் பிரதி இருக்கும். மோசமான பிரதிதான். இனி அதைச் சரிசெய்வது மட்டும்தான் பாக்கி.

இந்த யோசனை இணையம் முழுக்கச் சுற்றுகிறது. செய்துபார்த்துக் கையைச் சுட்டுக்கொள்கிறவர்களும் நிறைய. பெரும்பாலும் தவறுவது நான்கு இடத்தில்.

முதல் தவறு, காட்சி வரிசை இல்லாமல் உட்கார்வது. ஸ்வார்ட்ஸ்வெல்டர் ஒரே நாளில் ஓடியபோது அவர் கையில் அறை போட்டுக்கொடுத்த வரிசை இருந்தது. எங்கே தொடங்கி எங்கே போய் நிற்பது என்பது முன்பே முடிவான விஷயம். அது இல்லாமல் வேகமாக ஓடினால் பன்னிரண்டாம் பக்கத்தில் கதை முட்டுச்சந்தில் நிற்கும். மட்டமான வசனத்தை மறுநாள் மாற்றலாம். முட்டுச்சந்தை மாற்ற முடியாது, இடிக்கத்தான் வேண்டும்.

இரண்டாவது, நேரக் கணக்கு. அந்தத் தொடரின் ஸ்கிரிப்ட் 45 பக்கத்தை ஒட்டி வரும். பத்து மணி நேரம் உட்கார்ந்தால் பக்கத்துக்குப் பதின்மூன்று நிமிடம். பதின்மூன்று நிமிடத்தில் ஒரு வரியை மூன்று முறை எழுதிப் பார்க்க முடியாது. ஒரு முறைதான். மேலே போய்த் திருத்தத் தொடங்கியவுடன் கணக்கு உடைந்துவிடும். கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொள்வது உதவும். பதினைந்து நிமிடம் ஆகியும் பக்கம் நிறையவில்லை என்றால் ‘இங்கே ஒரு சண்டை’ என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த காட்சிக்குப் போய்விட வேண்டும்.

மூன்றாவதுதான் எல்லாவற்றையும்விடக் கெடுதல்: மறுநாள் அந்த மட்டமான வரிகளின் மேல் பாசம் வந்துவிடுவது. அச்சில் பார்த்தால் எதுவும் கொஞ்சம் நன்றாகத் தெரியும். அதனால் நிரப்புவதற்காகப் போட்ட வரிகளை எழுதும்போதே ஓரத்தில் ஒரு கோடு போட்டு வைப்பது நல்லது. கோடு போட்டது ஒவ்வொன்றும் போக வேண்டும், விதிவிலக்கு கிடையாது. நான்காவது சின்ன விஷயம்: நடுவில் ஒரு இரவு தூக்கம் கட்டாயம். அன்றே திருத்தினால் எழுதிய ஆளே திருத்துகிறார். மறுநாள் திருத்தினால் வேறு ஒருவன் எழுதியதைத் திட்டித் திருத்துகிற சுகம் கிடைக்கும்.

அவர் கோணம் என்பது என்ன என்பதற்கு ‘பார்ட் கெட்ஸ் ஆன் எலிஃபன்ட்’ (1994) நல்ல உதாரணம். வானொலிப் போட்டியில் சிம்ப்சன் வீட்டுப் பையன் பார்ட் ஜெயிக்கிறான். பத்தாயிரம் டாலரா, யானையா என்று கேட்கிறார்கள். யானை என்பது சும்மா வேடிக்கைக்குச் சொன்னது, யாரும் கேட்டதே இல்லை. பார்ட் யானையைக் கேட்கிறான். சாதாரண எழுத்தாளர் இங்கேயே சிரிப்பு வந்துவிட்டது என்று கதையை வேறு பக்கம் திருப்பிவிடுவார். இவர் கணக்குப்பிள்ளை மாதிரி பின்தொடர்கிறார். நிலையத்திடம் யானை இல்லை. வாக்குத் தவறினால் பேர் கெடும், அறிவிப்பாளர்களின் வேலை போகும், ஆகவே யானை வந்தே தீர வேண்டும். வந்தால் தின்னும். தீனிக்குக் காசு வேண்டும், ஆகவே பார்ட்டின் அப்பா ஹோமர் சவாரிக்குக் கட்டணம் போடுகிறார். கட்டணம் தீனிக்குப் போதவில்லை, ஆகவே விற்க வேண்டும். வாங்க வருகிறவன் யானைத் தந்தம் விற்கும் வியாபாரி. ஒரே ஒரு அபத்தத்தைத் தொடக்கத்தில் அனுமதித்துவிட்டு, அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் கறாரான தர்க்கம். அபத்தத்தை ஐந்து நிமிடத்துக்கு ஒன்றாகக் கொட்டினால் இது வராது.

ஹோமரைப் பற்றி அதே பேட்டியில் அவர் சொன்னது: ஹோமர் ஒரு பெரிய, பேசத் தெரிந்த நாய். இந்த நிமிடம் உலகமே இடிந்ததுபோல உட்கார்ந்திருப்பார். அடுத்த நிமிடம் ஒரு சில்லறைக் காசு கிடைத்தால் துள்ளுவார். நடுவில் பாலம் கிடையாது. எழுதுகிறவர்களுக்கு இது பெரிய வசதி. பாத்திரம் மனம் மாறுவதற்குக் காரணம் தேடி ஒரு பக்கம் வீணாக்க வேண்டாம். ஆனால் பக்கத்தில் மனிதர்கள் மனிதர்களாக இருந்தால்தான் நாய் நாயாகத் தெரியும். மனைவி மார்ஜ், மகள் லிசா இருவரும் அதற்குத்தான். ‘ஹோமர்ஸ் எனிமி’ (1997) இந்த ஏற்பாட்டையே எடுத்து உடைத்துக் காட்டுகிற எபிசோட். உழைத்து முன்னேறிய, நம்மைப் போன்ற ஒருவரை அந்த ஊருக்குள் விட்டால் என்ன ஆகும்? அவருக்குப் புத்தி பேதலிக்கும், செத்துப்போவார். வந்தபோது பலருக்கும் பிடிக்கவில்லை. நகைச்சுவைத் தொடர் தன் அஸ்திவாரத்தைத் தானே தோண்டிப் பார்த்த இடம் அது என்பது பிறகுதான் பலருக்கும் உறைத்தது.

பேஸ்பால் பைத்தியமான ஸ்வார்ட்ஸ்வெல்டருக்குக் கையிலேயே வந்து விழுந்தது ‘ஹோமர் அட் தி பேட்’ (1992). ஹோமர் வேலை பார்க்கும் ஆலையின் அணிக்கு ஆட நிஜ விளையாட்டு வீரர்கள் ஒன்பது பேர் வருகிறார்கள், அவர்களே குரல் கொடுக்க வேண்டும். வீரர்கள் ஊர் ஊராக ஆடப் போகிறவர்கள். லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் வரும்போது ஒவ்வொருவராகப் பிடித்து ஒலிப்பதிவு செய்ய மாதக்கணக்கில் ஆனது. எழுதுபவருக்கு அது தரும் நெருக்கடி என்னவென்றால், ஒருவர் வராவிட்டாலும் கதை நிற்க வேண்டும். எனவே ஒவ்வொரு வீரருக்கும் தனித்தனியாகக் கழற்றி மாட்டக்கூடிய ஒரு விபத்து. ஒருவருக்கு மனவசியத்தில் தான் கோழி என்ற நினைப்பு, ஒருவர் சிறையில், ஒருவர் பிரிட்டனின் தலைசிறந்த பிரதமர் யார் என்ற வாக்குவாதத்தில் அடிவாங்கி விழுகிறார், ஒருவருக்குக் கதிர்வீச்சு. எட்டுப் பேர் இப்படிக் கழன்றுபோனால்தான் கடைசியில் ஹோமர் களத்துக்கு வர முடியும். 22 நிமிடத்துக்குள் ஒன்பது அறிமுகம், எட்டு விபத்து, ஒரு ஆட்டம். இறுக்கமான தச்சுவேலை. புது எபிசோடுகள் நேருக்கு நேர் மோதியதில் சிம்ப்சன்ஸ் அதே நேரத்தில் வேறு சேனலில் வந்த ‘காஸ்பி ஷோ’வை முதல்முறையாக முந்தியது அன்றைக்குத்தான்.

நடுவில் ஒரு சறுக்கல் உண்டு. ‘பிஸ்டல் பீட்’ என்று பழைய கௌபாய் படங்களைக் கிண்டல் செய்யும் ஒரு நகைச்சுவைத் தொடருக்கு மாதிரி எபிசோட் எழுதினார். சிம்ப்சன்ஸை ஒளிபரப்பும் ஃபாக்ஸ் சேனல் அதை எடுத்துக்கொள்ளவில்லை. 2003க்குப் பிறகு தொடரிலிருந்து விலகினார். 2007இல் வந்த சிம்ப்சன்ஸ் திரைப்படத்தின் பதினோரு எழுத்தாளர்களில் ஒருவராக மட்டும் திரும்ப வந்தார்.

பிறகு நாவல்கள். முதலாவது ‘தி டைம் மெஷின் டிட் இட்’, 2004. அடுத்த வருடம் ‘டபுள் வொண்டர்ஃபுல்’. அதற்கப்புறம் ‘ஹவ் ஐ கான்கர்ட் யுவர் பிளானட்’ (2006), ‘தி எக்ஸ்ப்ளோடிங் டிடெக்டிவ்’ (2007), ‘டெட் மென் ஸ்கேர் மீ ஸ்டுபிட்’ (2008) என்று ஏறக்குறைய வருடத்துக்கு ஒன்று. பதிப்பாளர் யாரும் இல்லை, சொந்த வெளியீடு. பதிப்பகப் பெயர் ‘கென்னிடேல் புக்ஸ்’. கென்னிடேல் என்பது ரென்டனில் ஒரு பகுதி. எல்லாம் ஒல்லிப் புத்தகங்கள், ஒரே மூச்சில் முடிக்கலாம். முடிக்கக் கூடாது என்பது வேறு விஷயம், அதற்கு வருகிறேன்.

அறை போய்விட்டது, வரிசை போட்டுக் கொடுக்க ஆள் இல்லை. அந்த எலும்புக்கூட்டுக்கு அவர் எங்கே போனார்? மலிவு விலைக் கதைகளிடம். துப்பறியும் கதை, கௌபாய் கதை, செவ்வாய்க் கிரகப் படையெடுப்பு, பேய்க் கதை, கால இயந்திரம். வாடிக்கையாளர் வருவார், வழக்கைச் சொல்வார், துப்பறிவாளர் அடிவாங்குவார், தவறான ஆளைச் சந்தேகிப்பார், கடைசியில் உண்மை வெளிவரும். இந்த வரிசை வாசகருக்கு முன்பே மனப்பாடம். ஆகவே எழுதுபவர் கதை நகர்வதைப் பற்றிக் கவலைப்படாமல் ஒவ்வொரு வாக்கியத்திலும் குறும்பு செய்யலாம். சிம்ப்சன்ஸ் அறை செய்துகொடுத்த வேலையை இங்கே கதைவகை செய்துகொடுக்கிறது. ஒரே நாளில் முதல் பிரதி என்ற முறைக்கும் இந்த நாவல்களுக்கும் இருக்கும் உறவு இதுதான். இதைக் கவனிக்காமல் ‘டிவியை விட்டு இலக்கியத்துக்குப் போனார்’ என்று எழுதுகிறவர்கள் புத்தகத்தைத் திறந்து பார்க்காதவர்கள்.

பெரும்பாலான நாவல்களில் கதை சொல்பவர் ஃபிராங்க் பர்லி என்ற தனியார் துப்பறிவாளர். ஆள் மலை மாதிரி, மண்டை காலி. ஆனால் கதையைச் சொல்வது அவரே என்பதால் அந்த மண்டை காலி என்பதை அவர் சொல்ல மாட்டார். தான் செய்தது எப்படிப் புத்திசாலித்தனம் என்று நிதானமாக, அலுவலகக் கடிதம் எழுதுகிறவர் மாதிரி விளக்குவார். வாக்கியம் நேராக இருக்கும். அதில் இருக்கும் யோசனை கோணலாக இருக்கும். ஆச்சரியக்குறி போட்டு, கண்ணடித்து எழுதியிருந்தால் இரண்டாம் பக்கத்திலேயே செத்திருக்கும். ஹோமரை வெளியிலிருந்து பார்த்தோம். இங்கே நாயின் தலைக்குள் உட்கார்ந்து பார்க்கிறோம்.

குறையும் அங்கேதான். பர்லிக்குப் பக்கத்தில் மார்ஜ் இல்லை. ‘நீ செய்தது தப்பு’ என்று வருத்தத்தோடு சொல்ல யாரும் இல்லாததால், என்ன நடந்தாலும் யாருக்கும் வலிக்காது. வலி இல்லாத இடத்தில் சிரிப்பு ஒரே உயரத்தில் ஓடும். ஐம்பது பக்கம் தாண்டினால் வாய் சிரித்துக்கொண்டிருக்கும், மனம் வேறு எங்கோ போயிருக்கும். கதை பின்பாதியில் கால இயந்திரம், கொலை, துரத்தல் என்று பின்னிக்கொள்ளும்போது யார் யாரை ஏன் துரத்துகிறார்கள் என்பது மறந்துபோகும். திரும்பப் புரட்டத் தோன்றாது. எடிட்டர் ஒருவர் இருந்திருந்தால் இரண்டு துரத்தலை வெட்டியிருப்பார். ஆனால் அந்த எடிட்டர் வேறு எதையெல்லாம் வெட்டியிருப்பார் என்று நினைத்தால், இல்லாமல் இருந்ததே மேல்.

கண்ணில் படாதவர் விஷயத்துக்கும் ஒரு வார்த்தை. டிவிடிகளில் எழுத்தாளர்கள் உட்கார்ந்து பேசும் உரையாடல் எதிலும் அவர் கலந்துகொண்டதில்லை. ஒன்பதாவது சீசன் டிவிடியில், ‘தி கார்ட்ரிட்ஜ் ஃபேமிலி’ எபிசோடுக்கு, அந்த சீசனை நடத்திய மைக் ஸ்கல்லி அவரைத் தொலைபேசியில் பிடித்துவிடுகிறார். மறுமுனையில் இருப்பவர் கொஞ்சம் பேசுகிறார். வைக்கும் முன்னால், பேசியது உண்மையில் ஸ்வார்ட்ஸ்வெல்டர் இல்லையே, அதுதான் வருத்தம் என்கிறார். வைத்துவிடுகிறார். பர்லி எழுதிய வாக்கியம் மாதிரியே இருக்கிறது.

படிக்க ஆரம்பிக்கிறவர்களுக்கு: ‘தி டைம் மெஷின் டிட் இட்’டில் தொடங்குங்கள். நேற்றுவரை கோடீஸ்வரனாக இருந்தேன், இன்றைக்கு எல்லாம் திருடுபோய்விட்டது என்று ஒருவர் பர்லியின் அலுவலகத்துக்கு வருவதில் கதை கிளம்பும். ஒரு நாளைக்கு இருபது, முப்பது பக்கம் போதும்; பலகாரம் மாதிரி, சாப்பாடு மாதிரி அல்ல. பிடித்திருந்தால் ‘ஹவ் ஐ கான்கர்ட் யுவர் பிளானட்’ என்ற செவ்வாய்க் கிரகக் கதைக்குப் போகலாம். ‘டபுள் வொண்டர்ஃபுல்’ பர்லி இல்லாத கௌபாய் கதை, அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு அத்தியாயம் முடிந்ததும் திரும்பிப் போய், கதையை நகர்த்தும் வாக்கியங்களுக்கு மட்டும் பென்சிலால் அடிக்கோடு போட்டுப் பாருங்கள். மிகக் கொஞ்சம்தான் தேறும், ஆனாலும் கதை நகர்ந்திருக்கும்.